வல்லெட்டாவில் ஒரு பகல்

அன்புள்ள கயல்,

இருவரும் நலம். கப்பல் சாப்பாடு அம்மாவுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. நீ கட்டிக்கொடுத்த ஊறுகாயில்தான் வண்டி ஓடுகிறது.

இன்று மத்தியதரைக் கடல் தீவான மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் நின்றோம். விடியும்போதே மேல்தளத்துக்குப் போகச் சொன்னாயே, நல்லதாயிற்று. கிராண்ட் ஹார்பருக்குள் நுழைந்ததும் இருபுறமும் தேன் நிறத்தில் கோட்டைச் சுவர்கள். 1565இல் துருக்கியர் முற்றுகையிட்டபோது, இன்றைய ஊர் இருக்கும் மேட்டில் முனையிலிருந்த எல்மோ கோட்டையைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. முற்றுகையைத் தாங்கிய செயின்ட் ஜான் வீரர்கள், அதாவது அப்போது தீவை ஆண்ட கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர்கள், மறு ஆண்டே இந்த ஊருக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். திட்டம் போட்டுக் கட்டியதால் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேர். ஆனால் ஏற்ற இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். துறைமுகத்திலிருந்து மேலே போக 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது, அம்மா பிழைத்தாள்.

செயின்ட் ஜான் தேவாலயத்தில் எல்லோரும் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியத்தைப் பார்க்க ஓடினார்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தரை முழுக்க அந்த வீரர்களின் கல்லறைப் பலகைகள், நானூறு அளவில்; வண்ணப் பளிங்கில் எலும்புக்கூடு, மண்டையோடு எல்லாம் இழைத்திருக்கிறார்கள். "சமாதி மேலயா நடக்கிறது?" என்று சுவரோரமாகவே நடந்து வந்தாள்.

எண்ணெய் டிப்போவிலேயே காலம் தள்ளிய எனக்கு மனசில் நின்றது ஒஹையோ என்கிற டேங்கர் கதைதான். இரண்டாம் உலகப் போரில், 1942இல், குண்டுவீச்சில் தீவு பட்டினி கிடந்தது, எரிபொருளும் தீரும் நிலை. தீவுக்கு உதவியாக ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் வந்து சேர்ந்தவை 5. ஒஹையோ டார்பிடோ அடிபட்டு, சுட்டு வீழ்த்திய விமானமும் மேல்தளத்தில் விழுந்து, எஞ்சின் நின்றுபோய்க் கிடந்தது. இரண்டு போர்க்கப்பல்களை இருபக்கமும் கட்டி, தாங்கலாக இழுத்து வந்தார்கள். ஆகஸ்ட் 15, மாதா திருநாளன்று துறைமுகத்துக்குள் வந்தது. எண்ணெயை இறக்க இறக்கக் கப்பல் தரைதட்டி உட்கார்ந்துவிட்டதாம். பாதித் தொட்டி உடைந்த கப்பலிலிருந்து எண்ணெய் இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் பராக்கா தோட்டத்தில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கீழே வழக்கமாகச் சுடும் மரியாதைப் பீரங்கி வெடித்ததும் அம்மா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அப்புறம் பட்டாணி வைத்த பஸ்தீட்சி சாப்பிட்டோம், நம்ம ஊர் பப்ஸுக்கு அண்ணன். நீ மாப்பிள்ளையோடு வந்தால் வழுக்காத செருப்பாகப் போட்டு வா, படிகள் தேய்ந்து பளபளக்கின்றன. போட்டோக்களை அடுத்த துறைமுகத்தில் அனுப்புகிறேன். கப்பல் வைஃபைக்கு அவர்கள் கேட்கும் காசைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அன்புடன்,
அப்பா