கொசுவை இனம் பிரித்து எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை நெருங்கும் நேரத்தில் சென்னையின் டெங்கு தடுப்புப் பணிகள் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். புகை மருந்து அடித்த தெருக்கள், காய்ச்சலில் படுத்தவர்கள் என எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. எந்த வார்டில் எந்தக் கொசு எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நம் ஊரில் கடிப்பதெல்லாம் ஒரே கொசு இல்லை. இருட்டியதும் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். கூவம், பக்கிங்காம் கால்வாய், அடைத்துக்கொண்ட வடிகால் என்று சாக்கடைத் தண்ணீர்தான் அதற்கு வீடு. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனாபிலஸ் ஸ்டீபன்சி மலேரியாவைப் பரப்பும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தியின் குணமே வேறு. டிரம், ஆட்டுக்கல், பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என ஓரளவு தெளிந்த தண்ணீரில் வளர்ந்து, கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணியிலும் ஒளிந்துகொண்டு பகலில் கடிக்கும். பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. அதாவது, நம்மைக் கடித்த ஈடிஸ் நம் வீட்டிலோ பக்கத்திலோதான் பிறந்திருக்கும்.

மக்கள் 'கொசுத் தொல்லை' என்று புகார் செய்வது பெரும்பாலும் கியூலெக்ஸைப் பற்றித்தான். புகார் வந்த தெருவுக்குப் புகை வண்டி வருகிறது. அந்தப் புகை வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஈடிஸைச் சரியாக எட்டாது, தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. கொசுவே இல்லை என்று நிம்மதியாக இருக்கும் தெருவில் டெங்கு வரலாம். ஈடிஸ் கொஞ்சமாக இருந்தாலே போதும். ஒருமுறை வயிறு நிரம்ப இரத்தம் குடிப்பதற்குள் அது பலரைக் கடிக்கும்.

மக்களின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. குழாயில் தினமும் தண்ணீர் வராத பகுதியில் டிரம்மில் பிடித்து வைக்காமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அபராதம் போடுவதை விட, அந்த வீடுகளுக்கு இறுக்கமான மூடி கொடுக்கலாம். டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டைகள் தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்.

2017-இல் தமிழகத்தில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். காய்ச்சல் கணக்கு கைக்கு வரும்போது கொசு தன் வேலையை முடித்திருக்கும். சிங்கப்பூரில் குடியிருப்புகளில் பொறி வைத்து ஈடிஸைப் பிடித்து எண்ணுகிறார்கள். அது அதிகமுள்ள இடங்களைத் தேசியச் சுற்றுச்சூழல் முகமை இணையத்திலேயே வெளியிடுகிறது. நமக்கும் ஆள் இல்லாமல் இல்லை. கொசு போன்ற நோய் பரப்பும் உயிரிகளின் ஆராய்ச்சிக்கென்றே புதுச்சேரியில் 1975 முதல் ஒரு மத்திய மையம் இயங்குகிறது. சென்னையில் வீடு வீடாகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெயிலில் அலைந்து எழுதி வரும் விவரம் ஃபைலோடு நின்றுவிடக் கூடாது.

தங்கள் நிருபர்கள் அடுத்த முறை மாநகராட்சி அதிகாரிகளைச் சந்திக்கும்போது, ஈடிஸ் புழு இருந்த வீடுகள் எத்தனை என்று 200 வார்டுகளுக்கும் தனித்தனியாகக் கேட்டு, மழைக்காலம் முடியும் வரை வாரம் ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை