அசையாத இரண்டு விரல்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கிட்டார் வாங்கியாயிற்று, முதலில் பழகப்போவது 'விஷ் யூ வேர் ஹியர்' என்று எழுதியிருந்தாய். பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் அந்தப் பாட்டு ஐம்பது வருஷம் கழித்தும் ஏன் இப்படி நெஞ்சைப் பிசைகிறது என்றும் கேட்டிருந்தாய். பாதிப் பதில் உன் இடது கையின் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இருக்கிறது.

மோதிர விரலை 2-ஆம் கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வை, சுண்டு விரலை 1-ஆம் கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டில். மெல்லிய கம்பிதான் 1, தடித்தது 6. முன்னிசை முடியும்வரை இரண்டையும் எடுக்காதே. மற்ற இரண்டு விரல்கள்தான் இடம் மாறும். அவை 5, 4 கம்பிகளின் 2-ஆம் ஃபிரெட்டில் இருந்தால் ஈ மைனர் செவன் என்ற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம். நடுவிரல் 6-ஆம் கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டுக்கும் ஆள்காட்டி விரல் 5-ஆம் கம்பியின் 2-ஆம் ஃபிரெட்டுக்கும் போனால் ஜி. அவற்றில் ஒன்றால் 4-ஆம் கம்பியின் 2-ஆம் ஃபிரெட்டை மட்டும் பிடித்து, 6-ஆம் கம்பியைத் தொடாமல் மீட்டினால் ஏ செவன் சஸ் ஃபோர். ஈ மைனரிலிருந்து ஜிக்கு இரண்டு தடவை, ஏ-க்கு இரண்டு தடவை, கடைசியில் ஜியில் வந்து நிற்கும்.

அந்த இரண்டு விரல் பிடித்திருப்பது டி, ஜி என்ற இரண்டு ஸ்வரங்கள். பாட்டின் சுருதி ஜி. அப்படியானால் உன் விரலடியில் இருப்பது பஞ்சமமும் மேல் சட்ஜமும். தம்பூராவில் ஓயாமல் ஒலிக்கும் அதே ப, ச! கீழே கார்டு மாறிக்கொண்டே இருக்க, மேலே இது மட்டும் விடாமல் நிற்கிறது. குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் தம்பூராவை மனதில் வைத்தா செய்தார் என்றால், இல்லை. ஆனால் சுருதிப்பெட்டி கேட்டு வளர்ந்த காது உடனே பிடித்துக்கொள்ளும்.

பழகும்போது முதலில் கெடுவது சுண்டு விரல். கார்டு மாறுகிற நொடியில் தானாக எழும்பிவிடும். அடுத்தது, விரல் சாய்ந்து பக்கத்துத் திறந்த கம்பியை அடைப்பது. ஏ-யில் 3-ஆம் கம்பி அடைபட்டால் கீழ் சட்ஜம் போய்விடும். ஜியில் 4-ஆம் கம்பி அடைபட்டால் கீழ்ப் பஞ்சமம் போய்விடும். கட்டை விரலைக் கழுத்தின் பின்புறம் இன்னும் கீழே இறக்கினால் விரல்கள் நிமிர்ந்து நிற்கும். விரல் நுனி வலித்தால் 12 கேஜ் (தடிமன்) கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய 11 போட்டுக்கொள். வேகம், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டியே. எல்லோரும் அவசரப்படுகிற இடம் கார்டு அல்ல, கார்டுக்குப் பிறகு வரும் சும்மா இருக்கும் இடம்.

முன்னிசைக்குப் பிறகு குரல் தொடங்குவதும் ஜியில் இல்லை, சி-யில். சி, டி, ஏ மைனர் என்று வெளியே சுற்றிவிட்டு நாலாவதாகத்தான் வீட்டுக்கு, அதாவது ஜிக்கு, வரும். வந்த கையோடு மறுபடி கிளம்பிவிடும்.

இனி மீதிப் பதில்: முன்னிசையில் வரும் இரண்டு கிட்டார்கள். ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் இரைச்சல், அதற்குள் மெலிந்து, தகரச் சத்தமாக ஒரு 12 கம்பி கிட்டார். பிறகு ஓர் இருமல், மூச்சு, உடனே காதுக்கருகே முழு நாதத்தோடு இன்னொரு கிட்டார். தூரத்து வானொலியோடு வீட்டில் ஒருத்தன் தனியாகச் சேர்ந்து வாசிக்கிற ஏற்பாடு. பாட்டின் தலைப்பு சொல்வதை வரிகள் வருமுன்பே ஒலி சொல்லிவிடுகிறது. பக்கத்துக் கிட்டார் பெரும்பாலும் ஜி, ஏ, பி, டி, ஈ-க்குள்ளேயே நடமாடும். ஜியைச் சட்ஜமாக வைத்தால் மோகன ஸ்வரங்கள். ராகம் என்று சொல்லிவிடாதே, ஸ்வரங்கள் மட்டும்தான்.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் தூரமும் பக்கமும் ஒன்றாகிவிடும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள், ஷஃபிளை அணைத்துவிடு. முந்தைய பாட்டு ரேடியோவுக்குள் சுருங்கித்தான் இது பிறக்கிறது, முடிவில் காற்றோசையாகி அடுத்ததில் கலக்கிறது. அந்த முடிவில் ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினும் இருக்கிறது, கேட்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு. 2011-இல் வந்த பதிப்பில் அதை முன்னுக்குக் கொண்டுவந்து ஒரு வடிவம் வெளியிட்டார்கள். எனக்கு மறைந்திருப்பதுதான் பிடிக்கிறது.

இதே பெயருள்ள ஆல்பத்தின் இரு முனையிலும் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' என்ற பாட்டு. முதல் பகுதியில் குரல் வர எட்டரை நிமிடம் ஆகும், பொறுத்துக்கொள். ஆரம்ப ரீங்காரத்தில் ஒயின் கோப்பைகளின் ஒலியும் உண்டு. ஜலதரங்கம் மாதிரி தட்டியதல்ல, ஈரவிரலால் விளிம்பைத் தேய்த்தது. பிறகு கிட்டாரில் நாலே ஸ்வரம்: பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. ஜி மைனரில் அந்த ஈ எதிர்பார்த்ததைவிட அரைப்படி உயரம். நம் கணக்கில் க, நி, ச, த; சட்ஜத்தைத் தொட்டுவிட்டு அங்கே தங்காமல் தைவதத்தில் தொங்குகிறது. பதில் வராத கேள்வி மாதிரி.

கேள்வி யாரைப் பற்றி என்பதும் தெரிந்ததே. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை குலைந்து 1968-இல் விலகியவர். 1975 ஜூன் 5-ஆம் தேதி, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 'ஷைன் ஆன்' பாட்டின் வேலை நடக்கும்போதே, உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்து வந்து நின்றார். பழைய தோழர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இந்தக் கதையைச் சொல்லித்தான் பாட்டின் உருக்கத்தை விளக்குவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கதை தெரியாதவர்களையும் அந்த நாலு ஸ்வரம் பிடித்து நிறுத்துகிறதே.

முன்னிசை கைக்கு வந்ததும், 12 கம்பி இல்லையே என்று பார்க்காதே, உன் ஆறு கம்பியிலேயே ரேடியோ பாகத்தை வாசித்துப் போனில் பதிந்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது தானாகவே மெலிந்து, ரேடியோ மாதிரிதான் இருக்கும். பக்கத்துக் கிட்டாரை நான் இங்கே வாசித்துக்கொள்கிறேன். பதியுமுன் டியூனரை 440-இல் வைத்துச் சுருதி பார்த்துவிடு. இல்லாவிட்டால் இரண்டும் சேராது.

அன்புடன்,
அப்பா