ஒரு நாடு, ஒரு வாக்கு

அன்பு நண்பா,

முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி இப்போது தினமும் என்னோடு செஸ் ஆடுகிறாள். தோற்றால் முகம் வாடுகிறது, ஆனால் கைகொடுக்க மறப்பதில்லை.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் தேர்தலில் நல்ல ஆள் ஜெயிக்கவே மாட்டாரா என்று கேட்டாய். ஆளை மாற்றினால் போதும் என்றுதான் நானும் வெகுகாலம் நம்பினேன். 2010-இல் முன்னாள் உலகச் சாம்பியன் கார்போவ் நின்றபோது எவ்வளவு ஆசைப்பட்டோம்! அப்போதைய தலைவர் இல்யும்ஜினோவுக்கு 95 வாக்கு, கார்போவுக்கு 55. அடுத்து 2014-இல் இன்னொரு முன்னாள் சாம்பியன் காஸ்பரோவ் 61 வாக்கு வாங்கி, 110 வாங்கிய அதே இல்யும்ஜினோவிடம் தோற்றார். அந்தத் தோல்வியைவிட என்னை வருத்தியது வேறு. ஃபிடேயின் அப்போதைய பொதுச் செயலாளர் இக்னேஷியஸ் லியோங்கோடு, வாக்குத் திரட்டப் பணம் தருவதாக காஸ்பரோவ் செய்துகொண்ட ஏற்பாடு. தவறில்லை என்று காஸ்பரோவ் வாதாடினார். ஆனாலும் 2015-இல் ஃபிடேயின் நெறிமுறைக் குழு இருவருக்கும் இரண்டாண்டுத் தடை விதித்தது. ஊழலை எதிர்த்து வந்தவரும் அதே வழியில்தான் போக வேண்டியிருந்ததா?

எனக்குத் தோன்றுவது இதுதான். வாக்களிப்பது ஒவ்வொரு நாட்டின் செஸ் சங்கம்; லட்சம் ஆட்டக்காரர்கள் உள்ள நாட்டுக்கும் ஒரு வாக்கு, நூறு பேர் உள்ள நாட்டுக்கும் ஒரு வாக்கு. அது நியாயம்தான்; மாற்றினால் பெரிய நாடுகள் மட்டுமே ஆளும். ஆனால் நாடுகள் மோதும் செஸ் ஒலிம்பியாடுக்கு அணியை அனுப்பவே காசில்லாத சங்கம் உதவிக்குத் தலைவர் முகத்தைத்தானே பார்க்கும்? அந்த உதவி யார் ஜெயித்தாலும் வந்து சேரும்படி, எழுதிவைத்த விதிப்படி, தலைவர் கையில் இல்லாமல் போக வேண்டும். அதுவரை வாக்குக்கு விலை இருக்கும்.

2022-இல் சென்னையில் நடந்த தலைவர் தேர்தலைப் பார். உக்ரைன் போர் நடக்கும்போதே, ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் துவோர்கோவிச்சுக்கு 157 வாக்கு. உக்ரைனைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் பாரிஷ்போலெட்சுக்கு 16. துவோர்கோவிச் அணியில் துணைத் தலைவராக நம் ஆனந்த். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அப்புறம், இரண்டு முறைக்கு மேல் தலைவராகக் கூடாது என்ற விதியையும் 2023-இல் எடுத்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் தன் சங்கம் யாருக்கு வாக்களித்தது என்று ஆட்டக்காரருக்கே தெரியாது. வெளிப்படையாக்கினால் மிரட்டலுக்கு வழியாகிவிடும். தொழிற்சங்கத் தேர்தல்களை நடத்தியவன் நீ, உனக்கு என்ன தோன்றுகிறது? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்