ஆங்கில இலக்கணத்தில் இல்லாத பிழைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பகுதியில் அண்மையில் வெளியான, ஆங்கிலத்தில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகளின் பட்டியலைப் படித்தேன். பட்டியலின் நோக்கம் பாராட்டுக்குரியது. அதிலுள்ள பெரும்பாலான குறிப்புகளும் சரியானவை. ஆனால் அவற்றில் மூன்று பிழைகளே அல்ல என்பதையும், பிழையென்று அவற்றைக் கற்பிப்பதால் நம் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பு சிறியதல்ல என்பதையும், பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் ('டு', 'ஃப்ரம்', 'வித்' போன்ற சொற்களில்) முடிக்கக் கூடாது. 'டு கோ' போன்ற வடிவங்களில் 'டு' என்பதற்கும் அதையடுத்த வினைக்கும் நடுவே வேறு சொல் வரக் கூடாது. ஒரே ஒருவரைக் குறிக்க, 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்று எழுதக் கூடாது என்பவையே அம்மூன்று.

இவற்றுள் முதலாவது எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகத் தெரிந்த செய்தி. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல், தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் வரி ஒன்று 'ஃப்ரம்' என்று முடிவதைச் சுட்டிக் குறை கூறினார். தம்முடைய எழுத்திலும் அக்குறை இருப்பதைச் சற்று முன்னர்தான் கவனித்ததாகவும் அங்கேயே எழுதினார். நாடகக் கலை பற்றி 1668-இல் தாம் வெளியிட்ட கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது, அத்தகைய வாக்கியங்களைத் தேடித் திருத்தவும் செய்தார். ஆனால் அது ஏன் குறை என்பதற்கு அவர் காரணம் சொல்லவில்லை. பெரிய எழுத்தாளர் ஒருவரின் செவிக்கு உவப்பில்லாத ஒன்றாக அது இருந்தது, அவ்வளவே. அடுத்து 1762-இல், பின்னாளில் லண்டன் பிஷப்பாக உயர்ந்த ராபர்ட் லௌத் தமது இலக்கணச் சிறுநூலில் இதைப் பேசினார். இந்தத் தடைக்கே மூலவர் என்று பலராலும் சுட்டப்படும் அவர், உண்மையில் அதைத் தடை செய்யவில்லை. பேச்சிலும் இயல்பான எழுத்திலும் அவ்வழக்கு பொருந்தும், கம்பீரமான நடைக்குப் பிரிபொசிஷனை முன்னே வைப்பதே அழகு என்றுதான் எழுதினார். அதாவது, இரண்டு நடைகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சொன்னார். அவருக்குப் பின் வந்த பாடநூல்கள் அந்த வேறுபாட்டை விட்டுவிட்டுத் தடையை மட்டும் வைத்துக்கொண்டன. ஆங்கில வழக்குகளைப் பற்றிய தமது புகழ்பெற்ற கையேட்டில் அகராதி ஆசிரியர் ஃபவுலர் 1926-லேயே இதை மூடநம்பிக்கை என்ற சொல்லால் குறிப்பிட்டார். ஏறத்தாழ நூறாண்டுகள் ஆன பிறகும், 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்று இயல்பாகக் கேட்கும் மாணவியை நிறுத்தி, 'டு ஹூம் ஆர் யூ டாக்கிங்?' என்று சொல்லவைக்கும் வகுப்பறைகள் நம்மிடம் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தம் வீட்டில் அப்படிக் கேட்பதில்லை.

இரண்டாவது விதி இன்னும் இளையது. 'டு' என்பதற்கும் வினைக்கும் நடுவே சொல்லை வைக்கும் வழக்கம் 14-ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே உண்டு. கேன்டர்பரி பேராலயத்தின் டீன் என்ற பொறுப்பில் இருந்த பாதிரியார் ஹென்றி ஆல்ஃபர்டு 1864-இல் வெளியிட்ட நூலில் அதைக் கண்டித்ததும், 19-ஆம் நூற்றாண்டில் அவரைப் போன்ற சிலர் எழுதியதுமே அதைப் பிழையாக்கின. லத்தீனில் அந்த வினைவடிவம் ஒரே சொல், ஆகவே ஆங்கிலத்திலும் பிரிக்கலாகாது என்று காரணம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது இரண்டு சொல்லாக நிற்கும்போது லத்தீனின் நிலை அதைக் கட்டுப்படுத்தாது.

இத்தகைய விதிகள் 18-ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் பெருகியதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் 1635 முதல் மொழிக்கெனக் கழகம் இருந்தது. இங்கிலாந்திலும் அப்படியொன்று வேண்டும் என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் கேட்டார், அது நிறைவேறவில்லை. கற்றோர் அறிந்த இலக்கணமோ லத்தீன் இலக்கணம். வணிகத்தால் உயர்ந்துவந்த நடுத்தர வகுப்பினர் மேட்டுக்குடியினர் முன் தலைகுனியாமல் பேசவும் எழுதவும் கற்றுக்கொள்ள விரும்பினர். அந்த இடத்தைத் தனிமனிதர்கள் எழுதிய இலக்கண நூல்கள் நிரப்பின. அவற்றில் ஆழ்ந்த கவனிப்பும் இருந்தது, எழுதியவரின் சொந்த விருப்பும் இருந்தது. படித்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1795-இல் லிண்ட்லி மரே வெளியிட்ட நூல் இவற்றுள் பெரும் செல்வாக்குப் பெற்று, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பள்ளிகளில் பரவியது.

மூன்றாவது விதியைப் பற்றித் தமிழ் வாசகர்களிடம் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஆணா பெண்ணா என்று தெரியாத, அல்லது இருபாலுக்கும் பொதுவான ஒருவரைச் சுட்ட 'தே' என்று எழுதுவது இக்காலத்து நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் கதைப்பாடல் ஒன்றிலேயே அது இருக்கிறது. ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டினிடமும் இருக்கிறது. அதை வெட்டி, 'அவன்' என்று பொருள்படும் ஆண்பாற் சொல்லான 'ஹி' வகையைப் போடச் சொன்னவர்களுள் மேற்சொன்ன மரேயும் ஒருவர். சட்ட வாசகங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850-இல் சட்டமே இயற்றியது. பன்மைச் சொல் ஒருவரைக் குறிக்கலாமா என்று கேட்போர், 'யூ' என்பதும் ஒரு காலத்தில் பலரை மட்டுமே குறித்த சொல் என்பதையும், இன்று ஒருவரிடம் பேசும்போதும் அது 'ஆர்' என்ற பன்மை வினையையே கொள்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கு இது புதிதே அல்ல. 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவாய் நின்று பன்மை வினையைக் கொள்ளும் என்று 13-ஆம் நூற்றாண்டு நூலான நன்னூல் நூற்பா வகுத்தது. எண்ணால் ஒன்று, வினையால் பன்மை. மக்கள் அப்படிப் பேசினர், பவணந்தி முனிவர் அதைப் பதிவு செய்தார். முறையான வழக்கை வழாநிலை என்றும், பிழையை வழு என்றும் பிரித்ததோடு நில்லாமல், முறையிலிருந்து விலகினும் தக்க காரணத்தால் ஏற்கப்பட்டதை வழுவமைதி என்று தனியே வைத்த இலக்கண மரபில் வந்தவர்கள் நாம். அந்த மரபை அறிந்த ஆசிரியர்கள், ஆங்கிலத்துக்கு வந்தவுடன் சரி, தவறு என்ற இரண்டே கட்டங்களுக்குள் நின்றுவிடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இலக்கணமே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. 'ஐ டிட் நாட் வென்ட்', 'ஹி டோன்ட் நோ', 'ஷி ஈஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்' போன்ற வாக்கியங்களைத் திருத்தியே ஆக வேண்டும். தமிழில் 'எ', 'தி' போன்ற ஆர்டிகிள்கள் இல்லாததால் நம் மாணவர்கள் எங்கே எதை இடுவது என்று பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் தடுமாறுகிறார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவை. அந்த நேரத்தை இல்லாத விதிகளுக்குச் செலவிடுகிறோம். வீட்டில் ஆங்கிலம் கேட்டே வளராத, குடும்பத்தில் முதன்முதலாக அம்மொழியைக் கற்கும் பிள்ளை, தான் சரியாகச் சொன்ன வாக்கியத்துக்கே சிவப்பு மையால் கோடு விழுவதைப் பார்த்தால், எதைச் சொன்னாலும் தவறாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறது. தேர்வில் போகும் மதிப்பெண்ணைவிட இது பெரிய சேதம்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர், இப்பழக்கங்களை விரும்பாத மேலதிகாரிகள் சிலர் உண்டு என்பதை அறிந்திருப்பது நல்லதுதான். அதை உலக நடப்பாகச் சொல்லிக் கொடுக்கலாம். இலக்கணமென்று சொல்லக் கூடாது. ஆகவே, இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, எது இலக்கணப் பிழை, எது நடை சார்ந்த விருப்பம் என்று தனித்தனியே பிரித்துத் தருமாறும், முன்னர் வந்த பட்டியலின் அம்மூன்று குறிப்புகளுக்கும் ஒரு திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பல பள்ளிகளில் தங்கள் கல்விப் பகுதியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள் என்பதால், அத்திருத்தமும் அதே பக்கத்தில் வருவது பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.