ரோசிக்குச் சீனி பார்க்கிறோம்

திருகோணமலை

அன்புள்ள சிவா,

எங்கள் நாய் ரோசிக்கு இரத்தத்தில் சீனி பார்க்க மெஷின் அனுப்பவா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே மச்சான். நாய்களுக்கென்றே செய்த மெஷின் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் மெஷின் ஒருதரம் வந்தால் போதும், அதற்குள் செருகும் ஸ்ட்ரிப் மாதாமாதம் வேண்டும். நான் கேட்ட பாமசி எதிலும் அது இல்லை. ஸ்ட்ரிப் முடிந்த பிறகு உன் பார்சல் வரும்வரைக்கும் ரோசியைக் காத்திரு என்று சொல்ல முடியுமா? வீட்டில் மனைவிக்கு வாங்கிய மெஷின் இருக்கிறது. இப்போது இரண்டு பேருக்கும் அதுதான். குத்தும் ஊசி மட்டும் வேறு வேறு.

மனிதருடைய மெஷின் நாயின் இரத்தத்தைப் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். நம் இரத்தத்தில் சிவப்பணுவுக்குள்ளும் குளுக்கோஸ் கணிசமாக இருக்கிறது, நாய்க்கோ பெரும்பங்கு பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியில். மெஷினுக்கு நம்முடைய கணக்குத்தான் தெரியும். அதனால் மிருக வைத்தியர் இரத்தம் எடுத்து லாப்புக்கு அனுப்பிய அன்று, அதே நேரத்தில் எங்கள் மெஷினிலும் ஒரு துளி பார்த்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்தேன். எல்லா அளவிலும் வித்தியாசம் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் போக்கு விளங்கும்.

கிளினிக்கிலேயே பார்த்தால் என்ன என்கிறாய். ரோசியை ஓட்டோவில் ஏற்றினாலே நடுக்கம், அங்கே போனால் சோற்றையும் தொடாது. பயந்துபோய்ப் பட்டினி கிடக்கும் நாயின் சீனியை வைத்து, வீட்டில் ஒழுங்காகத் தின்னும் நாய்க்கு மருந்தளவு சொல்ல முடியாது.

எப்படிக் குத்துவது என்றுதானே அடுத்து கேட்பாய்? காது ஓரத்தில் எடுக்கலாம் என்பார்கள். ரோசியின் காது கறுப்பு, நரம்பே தெரியாது. மேலுதட்டைச் சற்று மடித்து, உட்பக்கத்தைத் துணியால் ஒற்றிவிட்டுக் குத்துகிறேன். எச்சில் கலந்தால் கணக்குப் பிழைக்கும். காதுதான் என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துப் பிடி, இரத்தம் ஓடி வரும். ஸ்ட்ரிப் போத்தலின் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும், கடற்கரை ஈரத்துக்குக் கெட்டுப் போகும்.

எல்லா நாளும் பகல் முழுக்கக் குத்துவதில்லை. வைத்தியர் சொல்லும் நாளில் மட்டும் காலையில் சாப்பாட்டுக்கும் இன்சுலின் ஊசிக்கும் முன் ஒருதரம், பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், மாலை ஊசி வரைக்கும். அந்த 12 மணித்தியாலத்தில் சீனி எவ்வளவு கீழே இறங்குகிறது, எப்போது இறங்குகிறது என்பதுதான் முக்கியம். மிகக் கீழே போகும் இடம் (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்) 80க்கும் 150க்கும் நடுவில் நின்றால் வைத்தியருக்குத் திருப்தி. ஒரு காலை 300 காட்டியது என்பதற்காக நாமே ஊசியைக் கூட்டக் கூடாது. முதல்நாள் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி, உடம்பு அதைச் சமாளிக்கப் போய் ஏறியதாகவும் இருக்கலாம். அப்படியிருக்கக் கூட்டினால் நாயைக் கொல்வதுதான். அளவை மாற்றினால் அது நிலைப்படவே ஒரு கிழமையாவது வேண்டும். எழுதுவது என் வேலை, கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய வேலை.

கூடுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். போன மாதம் கோட்டைப் பக்கம் நடக்கப் போனபோது ஒரு மானைக் கண்டு இந்தக் கிழவி ஓடிய ஓட்டம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்ததும் பின்னங்கால் தள்ளாடியது. பார்த்தால் 58. பல் முரசில் தேன் தடவி, பிறகு சோறும் கொடுத்து, வைத்தியருக்கு ஃபோன் எடுத்தேன். அன்றிலிருந்து தேன் போத்தல் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடை டச்சுக்குடாக் கடற்கரையோடு சரி.

சாப்பாடும் ஒரே அளவு, ஒரே நேரம். சோறும் அவித்த சூடை மீனும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் விசுக்கோத்துப் போட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவர்களின் அப்பப்பாவிடம் சொல்லத்தான் முடியவில்லை, மனிதர் வேலிக்கு மேலால் பாண் துண்டு எறிகிறார்.

ரோசிக்கு நாயின் இன்சுலின்தான், மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனைவியுடையது 100 அலகு. சிரிஞ்ச் மாறினால் விபரீதம், அதனால் பிரிட்ஜிலும் அலுமாரியிலும் ரோசியின் பெட்டி தனி. போன வருஷமே கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டோம். பெட்டை நாய்க்கு ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஊறும் ஹோர்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாதாம். எடுத்த பிறகு ஊசியின் அளவு நன்றாகக் குறைந்தது. கண்தான் வெளிறிக்கொண்டு வருகிறது, சீனி உள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரை விழுமாம். ஆனாலும் வீட்டுக்குள் எதிலும் முட்டாமல் நடக்கிறது.

கிழட்டு நாய்க்கு இவ்வளவு செலவா என்று என் தம்பி கேட்கிறான். சிவா இருக்கும் ரொறன்ரோவில் 1921இல் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணையத்தை எடுத்த நாய்களுக்கு ஏற்றிப் பார்த்துத்தான் இந்த மருந்து வந்தது, உன் அண்ணி உயிரோடு இருப்பது அதனால்தான் என்றேன். பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

உன் முழங்கால் எப்படி? ஊருக்கு வருவதென்றால் கச்சான் காற்று ஓய்ந்த பிறகு வா, இப்போது வெக்கை தாங்க முடியவில்லை. ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால் நெற்றியில் கட்டும் சின்ன லைட் ஒன்று அனுப்பு. கரண்ட் போனால் ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் சிரிஞ்சுமாக நிற்கிறேன். மற்றது, உங்கள் காலை ஒன்பதரைக்கு ஃபோன் எடுக்காதே. இங்கே மாலை ஏழு மணி, ரோசியின் ஊசி நேரம்.

அன்புடன்,
குமார்