படித்துறை மண்டபத்துக்கு சிமென்ட் வேண்டாம்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? படித்துறை மண்டபத்துக்கு சிமென்ட் பூசப்போகிறார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. கமிட்டியில் உன் பேச்சு எடுபடும், அதனால்தான் எழுதுகிறேன்.

இஸ்தான்புல் போனபோது ஸெய்ரெக்கில் சினிலி ஹமாம் பார்த்தேன். பழைய பொதுக் குளியல்கூடம். ஒட்டோமான் சுல்தானின் கடற்படைத் தளபதி பார்பரோஸாவுக்காக 1540 வாக்கில் சினான் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. நலிந்து கிடந்ததை 2010இல் வாங்கிச் சீர்செய்ய ஆரம்பித்தவர்களுக்கு 13 வருஷம் பிடித்திருக்கிறது. தோண்டத் தோண்ட, துருக்கியர் வருவதற்கு முந்தைய பைசாந்தியக் காலத்து நீர்த்தொட்டிகள் வந்தால் வேலை எப்படி ஓடும்? சுவரை மூடியிருந்த இஸ்னிக் ஊர் நீல ஓடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலேயே விலைபோய்விட்டன. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

விஷயம் சுவரில் இருக்கிறது, மாப்ளே. ஹமாமில் தரைக்கு அடியில் குட்டைத் தூண்கள் நிற்கும். அடுப்புச் சூடு அந்தத் தூண்களுக்கு நடுவே பரவி, சுவரில் புதைத்த மண்குழாய் வழியாகப் புகையோடு மேலே போகும். நாள் முழுக்க ஆவி, ஈரம். இத்தனையையும் நூற்றாண்டுக் கணக்கில் தாங்குவது சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த காரை. நம்ம சுர்க்கியேதான்டா! 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பு சுர்க்கிதான்.

அடுத்த சந்தில் ஒரு பழைய சுவரில் கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதலில் சுவரைத் தண்ணீர் விட்டு நனைத்தார்கள். இளஞ்சிவப்புக் காரையை மெல்லிசாக அழுத்தி அப்பி, வெயில் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். யாருக்கும் அவசரமே இல்லை.

சுண்ணாம்பு உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும். உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து, முகத்தைப் பெயர்த்துவிடும். நம்ம மண்டபத்தின் தென்பக்கத் தூணில் முன்பு சிமென்ட் பூசிய இடத்தைத் தட்டிப் பார். பொத்தென்று சத்தம் வரும், ஓரத்தில் நகத்தால் கீறினால் செங்கல் மாவாக உதிரும். ஆறு ஓடும்போது அந்த மண்டபம் மாசக்கணக்கில் ஈரத்தில் நிற்கிறது, அதற்கா இந்தப் பூச்சு?

செலவு கூடும், நாளும் ஆகும் என்பார்கள். ஆகட்டும். காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் பேசி அழைத்து வருகிறேன். முதல் மாசக் கூலி என் பொறுப்பு. நம்ம பூகோள வாத்தியாரிடமும் சொல், அவர் வந்து உட்கார்ந்தாலே தலைவர் அடங்கிவிடுவார்.

கூட்டம் என்றைக்கு என்று உடனே எழுது. அதுவரை மூட்டை எதையும் இறக்க விடாதே.

அன்புடன்,
குமரேசன்