சிக்போ மேசையில் அச்சிடாமல் விட்ட எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூதாட்டக்கூடம் என்றாலே நம்மவர்கள் பேச்சு கடன், வட்டி, குடும்பச் சண்டை என்றுதான் போகிறது. உள்ளே மேசையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. நான் சிங்கப்பூரில் ஒரு கூடத்தில், சிக்போ என்ற பகடை ஆட்ட மேசையில் டீலராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக நின்றவன். இப்போது அந்த வேலையில் இல்லை. தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆட்டம் மிக எளிது, அதுதான் ஆபத்தும். கண்ணாடிக் குடுவைக்குள் மூன்று பகடைகள். மூடி போட்டிருக்கும்போதே குலுங்கி நின்றுவிடும். அப்புறம் மேசை விரிப்பில் இருக்கும் கட்டங்களில் சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை) வைக்க நேரம் கொடுப்போம். மணி அடித்ததும் யாரும் கை நீட்டக்கூடாது. மூடியைத் தூக்கி, தெரியும் மூன்று எண்களையும் டீலர் பொத்தானில் அழுத்துவார். வென்ற கட்டங்களுக்கு அடியில் விளக்கு எரியும். தோற்ற சிப்புகளை முதலில் வாரிவிடுவோம், பிறகுதான் வென்றவர்களுக்குக் கொடுப்போம்.

புதிதாக வருபவர் வைப்பது ‘சிறியது’ அல்லது ‘பெரியது’. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை என்றால் சிறியது, 11 முதல் 17 வரை என்றால் பெரியது. வைத்த தொகைக்குச் சமமாகக் கிடைக்கும். ஆனால் மூன்று பகடையிலும் ஒரே எண் விழுந்தால் இரண்டு பக்கமும் தோல்வி. பாதிக்குப் பாதி போலத் தெரியும் ஆட்டத்தில் கூடம் தன் பங்கை எடுப்பது இந்த ஒரு விதியில்தான். மூன்று பகடைகள் விழ மொத்தம் 216 வழிகள். அதில் ‘சிறியது’ வெல்வது 105, தோற்பது 111. நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்தால் சராசரியாக 2 வெள்ளி 78 காசு கூடத்துக்கு.

இதுதான் மேசையிலேயே நல்ல கட்டம் என்றால் மற்றவை எப்படி இருக்கும்? மூன்றும் 5 விழும் என்று குறிப்பிட்டு வைக்கும் கட்டம் இருக்கிறது. 216-இல் ஒரே ஒரு வழி. அதற்கு 180 மடங்கு கொடுக்கும் இடமும் உண்டு, 150 மடங்கு கொடுக்கும் இடமும் உண்டு. 180 என்றால் நூறு வெள்ளிக்குச் சுமார் 16 வெள்ளி கூடத்துக்கு. 150 என்றால் 30 வெள்ளி! இரண்டு விரிப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நிற்பவர் கண்ணில் படுவது அந்தப் பெரிய எண் மட்டுமே.

கூட்டுத்தொகைக் கட்டங்களையும் பாருங்கள். நான் நின்ற மேசையில் 9-க்கும் 10-க்கும் ஆறு மடங்குதான். ஆனால் 10 விழ 27 வழிகள், 9 விழ 25. பதினேழாம் நூற்றாண்டிலேயே பகடை ஆடுபவர்களுக்கு 9-ஐவிட 10 ஏன் அதிகம் விழுகிறது என்ற சந்தேகம் வந்து, கலிலியோ உட்கார்ந்து எண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறார். 9 தரும் 1, 2, 6 என்ற சேர்க்கை ஆறு விதமாக விழும், அதே 9 தரும் 3, 3, 3 ஒரே விதமாகத்தான் விழும் என்பதே அவர் காட்டிய விஷயம். அது தெரியாமல் 9-இல் வைப்பவர் நூற்றுக்கு 19 வெள்ளி விடுகிறார். 10-இல் வைப்பவர் விடுவது பன்னிரண்டரை.

என்னை மிகவும் வருத்தியது மேசைக்கு மேலே எரியும் பலகை. முந்தைய ஆட்டங்களின் முடிவுகள் அதில் வரிசையாக நிற்கும். ‘பெரியது’ ஏழு முறை வந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ‘சிறியது’ பக்கம் சாய்வார்கள். சிலர் பேனாவால் அட்டையில் குறித்துக்கொண்டே நிற்பார்கள். அடுத்த குலுக்கலுக்கும் அதே 105, அதே 111 என்று பலகை சொல்லாது. தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக வைப்பவர்களும் உண்டு. 25 வெள்ளியில் தொடங்கி ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 1,575 வெள்ளி போயிருக்கும். ஏழாவதுக்கு 1,600 வேண்டும். அப்படி ஆறு தோல்வி வரிசையாக வருவது ஏறக்குறைய 54-இல் ஒரு முறை, ஒரே இரவில் பார்த்துவிடலாம்.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே வர 2019-இலிருந்து ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தம்பிகளைத் தடுக்க வாசலில் அந்த 150 வெள்ளிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை என் மேசைக்கு வந்து, “அண்ணே, எதுல வெச்சா நல்லது?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். தலைக்கு மேல் கேமரா. “உங்க இஷ்டம் தம்பி” என்பதற்கு மேல் ஒரு சொல் பேச டீலருக்கு அனுமதி இல்லை. அந்தப் பையன் கையிலிருந்தது ஓவர்டைம் காசு என்பது அவன் சிப்பை எண்ணி எண்ணி வைக்கும் விதத்திலேயே தெரியும்.

தன்னையே உள்ளே விடக்கூடாது என்று சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்திடம் பதிந்துகொள்ளலாம், வெளிநாட்டு ஊழியர்களும் பதியலாம். தங்குவிடுதி அறிவிப்புப் பலகைகளில் இதைத் தமிழில் பெரிதாக ஒட்ட வேண்டும். உங்கள் நாளிதழும் மாதம் ஒருமுறையாவது வெளியிட்டால் நல்லது.

சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்திடம் நான் கேட்பது இன்னும் சின்ன விஷயம். விரிப்பில் ‘எத்தனை மடங்கு’ என்று அச்சிடும் ஒவ்வொரு கட்டத்திலும் அதே அளவு எழுத்தில் ‘216-இல் எத்தனை வழி’ என்பதையும் அச்சிடச் சொல்லுங்கள். சிறியதற்கு 105, ஒன்பதுக்கு 25, மூன்று ஐந்துக்கு 1. துணியில் அதற்கு இடம் இருக்கிறது, அந்த மேசையில் நின்றவன் சொல்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் சூதாட்டக்கூட ஊழியர்,
ஈசூன், சிங்கப்பூர்